கொன்ஸ்ட்ரக்டரை லொம்பொக்கிடம் விடலாம், கணக்கை விடலாமா?

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் உள்ள ஒரு ஹாட்வெயார் கடைக்குச் சிட்டை போடும் மென்பொருளை ஜாவா நிரல்மொழியில் எழுதியபோது லொம்பொக் நூலகத்தைப் பயன்படுத்தினேன். வகுப்பின் (க்ளாஸ்) தலையில் ஒரு குறிப்பை (அனொட்டேஷன்) இட்டவுடன், வகுப்பின் பிரதியொன்றை உருவாக்கும் கொன்ஸ்ட்ரக்டர், அதன் பெறுமானத்தைப் படித்துத் தரும் கெட்டர் முதலியவற்றை, நிரலைத் தொகுக்கும்போதே ஆக்கித் தரும் இந்த இலவச நூலகம், எழுதவேண்டிய வரிகளைப் பெரிதும் குறைக்கிறது. அந்த அளவில் எனக்குக் குறையேதும் இல்லை.

வகுப்பு தன்னுள் வைத்திருக்கும் பெறுமானங்களுக்கான இடங்களே புலங்கள். பிற புலங்களிலிருந்து கணித்துப் பெறவேண்டிய புலத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. சிட்டையிலுள்ள ஒவ்வொரு சாமானுக்கும் விலையும் அளவும் வெளியிலிருந்து வருகின்றன. 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உள்ள வற் வரியைச் சேர்த்த மொத்தம் அவற்றிலிருந்து பிறக்கவேண்டும். மூன்றையும் பைனல் புலங்களாக, அதாவது ஒருமுறை இட்டபின் மாற்றமுடியாதவையாக அறிவித்து, மொத்தத்தின் அருகிலேயே பெருக்கலை எழுதினால் தொகுப்பான் (கம்பைலர்) ஏற்காது. ஏனெனில் ஜாவா, புலங்களுக்கு அருகில் எழுதப்பட்ட கோவைகளைக் கொன்ஸ்ட்ரக்டரின் உடலுக்கு முன்னரே இயக்குகிறது, அவ்வேளை விலைக்கும் அளவுக்கும் பெறுமானம் கிடைத்திராது. அதே பெருக்கலை ஒரு மெதட்டுக்குள், அதாவது வகுப்பின் ஒரு செயற்பகுதிக்குள், வைத்து அங்கிருந்தே அழைத்தால் தொகுப்பான் வாய்திறக்காது. விலையைச் சதக்கணக்கில் முழு எண்ணாக வைத்திருந்தால், இன்னும் பெறுமானம் இடாத முழு எண் பூச்சியமே என்பதால், மொத்தமும் பூச்சியமாகிவிடும். வாங்குபவருக்கு மட்டும் பிடித்த சிட்டை அது. பைனலை எல்லாவற்றிலிருந்தும் நீக்கினாலோ, எல்லாப் புலங்களுக்கும் பெறுமானம் கேட்கும் லொம்பொக்கின் ஓல் ஆர்க்ஸ் கொன்ஸ்ட்ரக்டர் மொத்தத்தையும் அழைப்பவரிடமே கேட்கும்.

லொம்பொக் இதற்கு வைத்திருக்கும் மருந்து, கெட்டரின் லேசி வசதி. அது கோவையைக் கெட்டருக்குள் நகர்த்தி, முதல் அழைப்பில் மட்டும் கணித்து, விடையைச் சேமித்துக்கொள்கிறது. பல த்ரெட்டுகள் (நிரலுக்குள் இணையாக ஓடும் பணிகள்) ஒரே வேளையில் அழைத்தாலும் பிழை நேராதபடி பூட்டும் இடுகிறது. மாதாந்த விற்பனை அறிக்கை போன்ற கனமான கணிப்புக்கு இது மிக நன்று. இரண்டு மூன்று எண்களைப் பெருக்குவதற்கு இத்தனை ஏற்பாடு மிகை. மேலும், அளவுக்குப் புதுப் பெறுமானம் இடும் செட்டர் ஒன்று இருந்தால் கெட்டர் பழைய மொத்தத்தையே தொடர்ந்து தரும்.

ஆகவே இத்தகைய வகுப்புகளுக்கு விலையையும் அளவையும் மட்டும் பெறும் கொன்ஸ்ட்ரக்டரைக் கையால் எழுதி, மொத்தத்தை அதனுள் கணித்து, பெறுமானங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கொடுத்து உருவாக்க உதவும் பில்டர் குறிப்பை வகுப்பின்மேல் அல்லாது அந்தக் கொன்ஸ்ட்ரக்டரின்மேல் இடுவதே என் தெரிவு; அப்போது பில்டரும் அவ்விரண்டையுமே கேட்கும். ஜாவா 16 முதல் நிலைபெற்றுள்ள, தரவைத் தாங்குவதற்கான சுருக்கமான வகுப்பு வகையாகிய ரெக்கோர்ட்டுக்கு லொம்பொக்கே தேவையில்லை என்பாரும் உண்டு. ஆனால் ரெக்கோர்ட்டின் தலையில் அறிவித்த கூறுகளுக்கு அப்பால் மொத்தத்துக்கெனத் தனிப் புலம் சேர்க்க இயலாது என்பதால் மொத்தத்தை ஒரு மெதட்டாகவே எழுதவேண்டும். வரி வீதம் மாறும் நாளில் பழைய சிட்டைகளின் மொத்தமும் உடன்மாறாதிருக்க, வீதத்தையும் ஒரு கூறாகச் சேர்த்துவிடுவது அவசியம்.