ஜீரோ பீரும் மால்ட் பானமும்: நெடுநாள் குடிப்பவர்களுக்குத் தெரியும் சுவை வித்தியாசம்

கடை ஃபிரிட்ஜில் ஆல்கஹால் இல்லாத ஜீரோ பீரான ஹைனெகன் 0.0வும் மால்ட் பானமான பார்பிகனும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து வாங்குபவர்கள் அதிகம். இரண்டுக்கும் மூலப்பொருள் மால்ட், அதாவது முளைகட்டிய பார்லிதான். ஆனால் மால்ட் பானத்தில் பெரும்பாலும் பார்லிச் சாற்றைப் புளிக்கவே விடுவதில்லை. சாற்றின் சர்க்கரை அப்படியே தங்கிவிடும், மேலே ஆப்பிள், பீச், மாதுளை வாசனையும் ஏறும். கசப்பை எதிர்பார்த்துத் திறந்தால் ஏமாற்றம்தான். நல்ல குளிர்பானமாக நினைத்துக் குடித்தால் பிடிக்கும்.

ஜீரோ பீரில் வரும் பெரிய புகார், ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறந்தது போன்ற மால்ட் வாடை. பார்லிச் சாற்றில் உள்ள ஆல்டிஹைடுகள் என்ற வாசனைப் பொருட்கள்தான் காரணம். சாதாரண பீரில் ஈஸ்ட் அவற்றை மாற்றிவிடும். மிஞ்சியதை ஆல்கஹால் பிடித்து வைப்பதால் மூக்குக்கு எட்டாது. புளிக்கவைப்பதைப் பாதியில் நிறுத்தித் தயாரிக்கும் வகைகளில் இந்த வாடை தூக்கலாகத் தெரியும். 1979ல் வந்த ஜெர்மனியின் கிளவுஸ்தாலர் இந்த வழியில் வந்தது. முழுதாகப் புளிக்கவைத்து, வெற்றிடத்தில் குறைந்த சூட்டில் ஆல்கஹாலைப் பிரித்தெடுப்பது இன்னொரு வழி. அதில் மால்ட் வாடை குறையும். ஆனால் ஆல்கஹாலோடு பழ வாசனையும் போய்விடும், வாயில் தண்ணீர் மாதிரி மெலிந்து நிற்கும். ஹைனெகன் 0.0வின் லேபிளில் 'இயற்கை வாசனை' என்று இருப்பது அந்த இழப்பை ஈடுகட்டத்தான்.

முதலில் பார்க்க வேண்டியது 100 மில்லிக்கு எவ்வளவு சர்க்கரை என்பதை. ஹைனெகன் 0.0வில் 1.3 கிராம், நாக்கில் லேசான தித்திப்பு, பின்னால் கசப்பு. 7 கிராமைத் தாண்டினால் அது பீர் சுவைக்கு வெகுதூரம். பீர் சுவையே வேண்டும் என்பவர்கள் லாகரைவிட (ஹைனெகன் மாதிரி தெளிவான, வெளிர் நிற பீர்) கோதுமை பீரில் தொடங்குவது நல்லது. ஜெர்மனியின் எர்டிங்கர் அல்கஹோல்ஃப்ரை ('ஆல்கஹால் இல்லாதது' என்று பொருள்) போன்றவற்றில் கோதுமைப் புரதமும் ஈஸ்ட் மண்டியும் வாயை நிறைப்பதால் ஆல்கஹால் இல்லாத வெறுமை அவ்வளவாகத் தெரியாது. முக்கால்வாசியை ஊற்றிவிட்டு, மிச்சத்தை பாட்டிலோடு மெதுவாகச் சுழற்றி அடிமண்டியையும் சேர்த்து ஊற்ற வேண்டும். இதை விட்டுவிட்டால் பாதிச் சுவை பாட்டிலிலேயே போய்விடும்.

லாகர் வகை 4 முதல் 6 டிகிரியில் இருக்கட்டும். சூடு ஏற ஏற மால்ட் வாடை எழும்பும். கோதுமை பீருக்கு 8 டிகிரி போதும். கிளாஸில் பாத்திர சோப்பு ஒட்டியிருந்தால் நுரை நிற்காது, நுரை போனால் வாசனையும் போச்சு. அவசரத்துக்கு ஃப்ரீசரில் வைத்து மறந்துவிடாதீர்கள். உறைவதைத் தள்ளிப்போட ஆல்கஹால் இல்லாததால் சாதாரண பீருக்கு முன்பே இது உறைந்து பாட்டிலை உடைத்துவிடும்.

நம்ம ஊர் வெயிலில் கெட்டுப்போக இரண்டு வழி. பச்சை, வெள்ளை பாட்டிலில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் என்ற, பீருக்குக் கசப்பு தரும் பூவின் கசப்புப் பொருள் சிதைந்து ரப்பர் கருகிய மாதிரி நாறும். கேன் என்றால் அந்தக் கவலை இல்லை. சூடான கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்த சரக்கில் ஈர அட்டைப்பெட்டி வாடை வரும். அதனால் காலாவதித் தேதி தள்ளி இருக்கும் கேனாகப் பார்த்து எடுங்கள். திறந்ததை அன்றே முடித்துவிட வேண்டும்; சர்க்கரை இருக்கிறது, காக்க ஆல்கஹால் இல்லை.

காரசாரமான மிளகு வறுவலுக்கு மால்ட் பானத்தின் தித்திப்பு இதம். எண்ணெய்ப் பலகாரத்துக்குக் கசப்பான ஜீரோ லாகர்தான் சரி.

மார்க்கத்துக்காகவோ மருந்துக்காகவோ ஆல்கஹாலை அறவே தவிர்ப்பவர்கள் 0.0 என்ற எண்ணையே தேடுங்கள். ஜெர்மன் பாட்டிலில் 'அல்கஹோல்ஃப்ரை' என்று மட்டும் இருந்தால் 0.5 சதவீதம் வரை இருக்கலாம்.