ஆடும் நாற்காலியா, ஆடும் ரிக்கா? கோவையில் விஆர் ரேஸிங்குக்கு எது கட்டுபடியாகும்

விஆர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வீட்டில் கார் ஓட்டுகிறவர்களுக்குக் கொஞ்ச நாளில் ஒரு ஆசை வரும். கண்ணுக்குத் தெரியும் கார் குலுங்குகிறது, உட்கார்ந்திருக்கும் சீட் மட்டும் கல்லாட்டம் கிடக்கிறது, இதையும் ஆட வைத்தால் என்ன? அப்படி முடிவெடுத்தால் நம் பக்கத்தில் மூன்று வழி இருக்கிறது. பெட்டியில் வந்து இறங்கும் இறக்குமதி நாற்காலி ஒன்று. சீட், ஸ்டியரிங், பெடல் எல்லாம் பூட்டிய அலுமினியச் சட்டத்தின் (அதுதான் ரிக்) நாலு மூலையிலும் மோட்டாரால் ஏறி இறங்கும் ஆக்சுவேட்டர் நிறுத்தி நாமே கட்டிக்கொள்வது இன்னொன்று. ரிக்கை ஆட்டாமல் பாஸ் ஷேக்கர் என்ற அதிர்வுக் கருவியைப் போட்டு அதிர்வை மட்டும் எடுத்துக்கொள்வது மூன்றாவது. என் வீட்டில் இருப்பது இரண்டாவது. அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும், அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

மூன்றாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரு ஆம்ப்ளிஃபயர், சீட்டுக்கு அடியிலும் பெடலுக்குப் பின்னாலும் ஒவ்வொரு ஷேக்கர், இலவசமாகக் கிடைக்கும் சிம்ஹப் மென்பொருள். செலவு குறைவு, இடம் வேண்டாம், கெட்டுப்போக அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. வீல் லாக் ஆவதும் ட்ராக் ஓரத்துக் கர்ப் மேல் ஏறுவதும் உடம்பில் தெளிவாகத் தெரியும். ஆனால் பிரேக் அடித்தால் உடம்பு முன்னால் போகாது, வளைவில் பக்கவாட்டில் தள்ளாது. மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நாலு மூலை ரிக் வாங்கியவர்களும் இதைக் கழற்றுவதில்லை, நானும் கழற்றவில்லை.

இனி நிஜமான போட்டிக்கு வருவோம். இறக்குமதியில் பலரும் பார்ப்பது மூன்று. ஹங்கேரியின் யா விஆர் கம்பெனி தரும் யா2, உக்ரைனின் டிஓஎஃப் ரியாலிட்டி, ஆஸ்திரேலியாவின் நெக்ஸ்ட் லெவல் ரேஸிங் விற்கும் மோஷன் பிளாட்ஃபார்ம் வி3. யா2 முன்பின் சாயும், பக்கவாட்டில் சாயும், உங்களைச் சுமந்துகொண்டு இடவலமாகவும் திரும்பும். டிஓஎஃப் ரியாலிட்டியின் எச்3, பி3 மாடல்களும் இந்த மூன்றையும் செய்யும். வி3 சீட்டை மட்டும் இரண்டு திசையில் ஆட்டும். ஸ்டியரிங்கும் பெடலும் நின்ற இடத்திலேயே நிற்கும். இந்த வித்தியாசம் கேட்கச் சின்னதாக இருக்கும், விஆரில் அது பெரிசு. சீட் ஆடி பெடல் ஆடாவிட்டால் ஒவ்வொரு பிரேக்குக்கும் காலுக்கும் பெடலுக்கும் உள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கும். பிரேக்கை அளந்து மிதிக்கப் பழகியவர்களுக்கு அது எரிச்சல்.

எந்த வழியில் போனாலும் ஒன்றை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். நாற்காலி முன்னால் சாய்ந்தால் தலையும் கூடவே சாய்கிறது. அது உங்கள் தலையசைவா, நாற்காலியின் அசைவா என்று ஹெட்செட்டுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. நீங்களே குனிந்ததாக எடுத்துக்கொண்டு காட்சியை நகர்த்திவிடும். கார் டாஷ்போர்டு மூக்குக்கு வந்துவிட்டு திரும்பப் போகும். பத்து நிமிஷத்தில் வயிற்றைப் பிரட்டும். இதைக் கழித்துவிட ஓபன்எக்ஸ்ஆர் மோஷன் காம்பன்சேஷன் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. நாற்காலி எவ்வளவு ஆடுகிறது என்ற கணக்கை ஃபிளைபிடி மூவர் போன்ற, நாற்காலியை ஆட்டுவிக்கும் மென்பொருளிடமிருந்து வாங்கி, ஹெட்செட் காட்டும் காட்சியிலிருந்து அதை எடுத்துவிடும். யா கம்பெனி நாற்காலிகளையும் அதற்கு அடையாளம் தெரியும். ஓபன்எக்ஸ்ஆர் என்ற பொதுவான விஆர் தரத்தில் ஓடும் கணினி விளையாட்டுகளுக்குத்தான் இது பொருந்தும். இந்த ஏற்பாடு சரியாக அமையாவிட்டால் ஆடாத நாற்காலியே மேல்.

நாலு மூலை ரிக்கில் நான் போனது எஸ்எஃப்எக்ஸ்-100 என்ற திறந்த வடிவமைப்பின் வழியில். வரைபடம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஒவ்வொரு மூலையிலும் 750 வாட் சர்வோ மோட்டார், அதன் தண்டோடு கப்ளிங் என்ற இணைப்பில் சேர்ந்த 1605 அளவு பால் ஸ்குரூ (சுழற்சியை ஏற்ற இறக்கமாக மாற்றும் திருகுத் தண்டு), அதைச் சுற்றி அலுமினியக் குழாய். மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் மூலை 5 மி.மீ. ஏறும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 250 மி.மீ. மொத்த ஏற்ற இறக்கம் 100 மி.மீ. மட்டும்.

100 மி.மீ. என்றதும் இவ்வளவுதானா என்று கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். முன்னும் பின்னும் உள்ள ஆக்சுவேட்டருக்கு நடுவே 1.2 மீட்டர் இருந்தால், முன்பின் சாய்வு இரண்டு பக்கமும் 5 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. அகலம் 60 செ.மீ. என்றால் பக்கச் சாய்வு 9 டிகிரிக்கு மேல். 5 டிகிரி சாய்ந்தால் உடம்பு எடையில் ஏறக்குறைய 9 சதவீதம் முன்னோக்கி இழுக்கும். நிஜ ரேஸ் காரின் பிரேக்கோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஹெட்செட்டுக்குள் தரைமட்டம் நேராகத் தெரிகிறது, உடம்போ முன்னால் சரிகிறது. மூளை இந்த இரண்டையும் சேர்த்து இது பிரேக்தான் என்று முடிவுகட்டிவிடுகிறது. விமானிகளுக்குப் பயிற்சி தரும் பெரிய சிமுலேட்டர்களும் இதே உத்தியைத்தான் கையாள்கின்றன. அப்புறம் நாலு மூலையும் ஒன்றாக மேல்கீழ் ஏறி இறங்குவது இருக்கிறதே, மேலே சொன்ன மூன்று நாற்காலிகளிலும் அது இல்லை. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ட்ராக்கில் மேட்டைத் தாண்டி கார் லேசாக மிதந்து இறங்குவதும், கான்கிரீட் பலகை போட்ட காரசல் வளைவில் தடதடவென்று சக்கரம் ஓடுவதும் இந்த மேல்கீழ் அசைவில்தான் வருகிறது. யா2-ல் நண்பர் வீட்டில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சாய்வு தாராளம், திரும்புவதும் சுகம், ஆனால் தூளி ஆட்டின மாதிரி இருந்தது, ரோடு தெரியவில்லை.

இதெல்லாம் ரசனை, ஆளுக்கு ஆள் மாறும். என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு. ஆடுகிற எந்த மிஷினும் ஒருநாள் கெட்டுப்போகும். கெட்ட அன்றைக்கு அதை யார் கையில் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

பெருந்துறையில் என் மச்சான் வீட்டில் ஒரு இறக்குமதி நாற்காலி இருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம். கன்ட்ரோல் போர்டு போய்விட்டது. கம்பெனிக்காரர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், மாற்று போர்டு அனுப்புவதாகவும் சொன்னார்கள். ஆனால் அது கப்பலேறி, கஸ்டம்ஸ் தாண்டி, வரி கட்டி வந்து சேரும்வரை நாற்காலி துணி காயப்போடும் இடமாகிவிட்டது. உள்ளூரில் திறந்து பார்த்தவர், போர்டிலுள்ள ஐசி சிப் மேலிருந்த நம்பரைச் சுரண்டியிருக்கிறார்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வாரண்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்கினால் போதாது. வாரண்டியில் அனுப்புகிற சரக்குக் கூலி யார் தலையில் என்று கேளுங்கள். நாற்காலியின் எடைக்கு அது சின்னக் காசாக இருக்காது.

என் ரிக்கிலும் தகராறு வராமல் இல்லை. ஒருநாள் பிரேக் அடிக்கும்போதெல்லாம் இடது பக்கமிருந்து "டக்" என்று ஒரு சத்தம். மோட்டாரை இயக்கும் சர்வோ டிரைவ் பெட்டியின் முகப்பில் சின்ன பட்டன்களும் சிவப்பு எண்களும் இருக்கும். அதிலேயே ஒவ்வொரு மோட்டாராக மெதுவாக முன்பின் ஓட்டி, குழாயின் மேல் கையை வைத்துப் பார்த்ததில் முன் இடது மூலையில் துடிப்பு தெரிந்தது. நாலு போல்ட்டைக் கழற்றினால் ஆக்சுவேட்டர் தனியாக வந்துவிடும். பைக்கில் வைத்துக் கணபதியில் ஒரு லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். டர்னர் அண்ணன் ஸ்குரூவைச் சுழற்றி டயல் கேஜ் வைத்துப் பார்த்தார், முள் அசையவில்லை. கப்ளிங்கைப் பிடித்துத் திருகினார், மயிரிழை ஆட்டம் இருந்தது. "ஏனுங் தம்பி, இது நம்ம சிஎன்சில போடற அதே பால் ஸ்குருதானுங்களே. இதுக்கு எதுக்குங் பயந்துட்டு வந்தீங்க? கப்ளிங் லூசுங்க, அவ்வளவுதான்" என்றார். தண்டில் பிடிப்பு நன்றாக விழும்படி வேறொரு கப்ளிங்கின் துளையைக் கடைந்து மாட்டிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே ஓட்டினேன்.

கோவையில் இது தற்செயல் இல்லை. பம்பும் மோட்டாரும் ஜவுளி மிஷினும் செய்கிற ஊரில் பேரிங், பால் ஸ்குரூ, சர்வோ எல்லாம் அன்றாடச் சரக்கு. மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரை இங்கேயே வடிவமைத்தவர் கரிவரதன். 2003-ல் திறந்த செட்டிபாளையம் ட்ராக் அவர் பெயரில்தான் இருக்கிறது. 2005-ல் எஃப்1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர். ரேஸ் காருக்குப் பாகம் கடைந்து பழகிய ஊரில் ரேஸ் காரைப் போல ஆடும் ரிக்குக்குக் கை கிடைக்காமல் போகாது.

வழக்கமான பராமரிப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரி வீட்டுக்குள் கொட்டும். ஜன்னலோரம் ரிக் இருந்தால் குழாயின் வாயில் மண் சேரும். அந்த மாசங்களில் துணியால் துடைத்து, பழைய கிரீஸை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். புரொஃபைலின் போல்ட்டுகளும் அதிர்வில் தளரும், எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது நல்லது. நாற்காலிகளில் இந்த வேலை இல்லை, அந்த வசதியை ஒப்புக்கொள்கிறேன்.

இந்த ரிக்கின் பெரிய தொந்தரவு கரண்ட். சர்வோ டிரைவ்கள் ஓடும்போது கிளப்பும் மின் இரைச்சல் யூஎஸ்பி ஒயரில் ஏறிவிடும். வளைவின் நடுவில் ஸ்டியரிங் செத்துப்போகும், ஹெட்செட் கறுத்துப்போகும். நல்ல எர்த், ஷீல்டு போட்ட மோட்டார் கேபிள், லைன் ஃபில்டர், ஃபெரைட் வளையம், யூஎஸ்பி ஒயரை மோட்டார் ஒயரிலிருந்து விலக்கி இழுப்பது என்று எல்லாம் சேர்ந்தால்தான் அடங்கும். எனக்கு இதைச் சரிசெய்து கொடுத்தவர் பல்லடத்தில் ஆட்டோலூம் தறிகளைப் பார்க்கும் எலக்ட்ரீஷியன். தறியில் தினமும் பார்க்கிற நோய் என்பதால் வந்ததும் முதலில் எர்த்தைத்தான் அளந்தார். நாலு மோட்டாரும் பெயர்ப்பலகைப்படி 3,000 வாட். எப்போதும் அவ்வளவு இழுக்காது, ஆனாலும் தனி லைனும் தனி எம்சிபியும் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்ட நினைக்காதீர்கள். கரண்ட் போனால் ரிக் தன் எடையில் கீழே இறங்கும்; அடியில் கையோ காலோ பூனையோ இருக்கக்கூடாது. இந்த விஷயத்தில் நாற்காலிகள் சாது. சாதாரண பிளக்கில் மாட்டினால் போதும்.

விற்கப் போனால் என்ன கிடைக்கும் என்றும் கேட்கிறார்கள். பெட்டியோடு வந்த நாற்காலிக்குப் பெயர் இருக்கிறது, ஓடுகிற நிலையில் இருந்தால் வாங்க ஆள் வரும். நாமே கட்டிய ரிக்கை முழுசாக வாங்க யாரும் லேசில் வரமாட்டார்கள். ஆனால் பிரித்தால் கதை வேறு. புரொஃபைலும் சர்வோவும் டிரைவும் சின்ன சிஎன்சி ரவுட்டர் கட்டுகிறவர்களுக்கு வேண்டிய சாமான். நான் இன்னும் விற்றதில்லை, விசாரித்ததை வைத்துச் சொல்கிறேன்.

எனக்குப் பழக்கமில்லாத இடங்களும் உண்டு. விமானம் ஓட்டுகிறவர்களுக்கு நீண்ட, மெதுவான சாய்வுதான் முக்கியம். அங்கே யா2 மாதிரி தாராளமாகச் சாயும் நாற்காலி ஜெயிக்கும் என்றுதான் தோன்றுகிறது, நான் விமானத்தில் அதிக நேரம் செலவிட்டதில்லை. ஆறு அசைவும் தரும் ஸ்டூவர்ட் வகை மேடையில் ஒருமுறைதான் உட்கார்ந்தேன். பின்சக்கரம் வழுக்குவது அதில் பிரமாதமாகத் தெரிந்தது. என் ரிக்கில் அது இல்லை, அந்தக் குறை எனக்கு இருக்கிறது. யூரோ ட்ரக் விளையாட்டில் மணிக்கணக்காக லாரி ஓட்டும் நாமக்கல், சங்ககிரி நண்பர்களுக்கு நாலு மூலை ரிக் பொருந்தும் என்று நினைக்கிறேன், கேபின் குலுங்குவது மேல்கீழ் அசைவுதானே. ஆனால் ஒரே இருப்பில் அவ்வளவு நேரம் நான் ஓட்டிப் பார்க்கவில்லை.

கட்டுவதென்று முடிவெடுத்தால் தரைத்தளத்தில் ஒரு அறை ஒதுக்குங்கள், நாலு மூலைக்கும் தடித்த ரப்பர் பட்டை போடுங்கள். எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒன்று, அறை வாசலில் ஒன்று என இரண்டு வையுங்கள். ஹெட்செட் மாட்டியவருக்குத் தன் ரிக்கைச் சுற்றி யார் வருகிறார்கள் என்று தெரியாது. வாசல் பட்டன் எங்கே இருக்கிறது என்று வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் காட்டிக் கொடுத்த பிறகு முதல் ஓட்டம் ஓடுங்கள்.