பிஎச்பிமெயிலர்: தீராத ஒரு கோபம்

பாளையங்கோட்டையில் கணக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: “அண்ணே, 465 போட்டால் மெயிலும் போகவில்லை, பிழையும் வரவில்லை. டிஎல்எஸ் என்றுதானே கொடுத்திருக்கிறேன்?” 465 என்பது மெயில் சர்வரோடு இணையும் போர்ட் எண்; டிஎல்எஸ் என்பது இடையில் யாரும் படிக்க முடியாதபடி அந்தப் பேச்சை மறையாக்கும் முறை. எத்தனையோ பேர் என்னிடம் கேட்டுவிட்ட கேள்வி இது. அதனால்தான் எழுதுகிறேன்.

திருநெல்வேலி டவுன் ஜவுளிக்கடை, அம்பாசமுத்திரம் அரிசி மண்டி என்று நான் செய்துகொடுத்த பில்லிங் மென்பொருள்கள் எல்லாவற்றிலும் மெயில் அனுப்புவது பிஎச்பிமெயிலர் என்ற இந்த பிஎச்பி மொழி லைப்ரரிதான். தீபாவளி நெருக்கடியிலும் பில்கள் தடையின்றிப் போய்ச் சேர்ந்தன. காசு கேட்பதில்லை, பராமரிப்பும் நிற்கவில்லை. குறை சொல்ல மனம் வராது. மறையாக்க முறையைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எம்டிபிசெக்யூர் என்ற அந்த ஓர் அமைவைத் தவிர.

அதற்கு ‘எஸ்எஸ்எல்’, ‘டிஎல்எஸ்’ என்று இரண்டு மதிப்புகள். முதலாவது பழசு, இரண்டாவது பாதுகாப்பானது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் இரண்டிலும் ஓடுவது டிஎல்எஸ்தான். டிஎல்எஸ்ஸுக்கு முந்தைய முறையான எஸ்எஸ்எல்லின் கடைசிப் பதிப்பு 3.0-ஐப் பயன்படுத்தவே கூடாது என்று 2015-இலேயே சொல்லியாகிவிட்டது. வேறுபாடெல்லாம் மறையாக்கம் எப்போது தொடங்குகிறது என்பதில்தான். ‘எஸ்எஸ்எல்’ என்றால் இணைப்பின் தொடக்கத்திலேயே, போர்ட் 465. ‘டிஎல்எஸ்’ என்றால் மறைக்காமல் பேசத் தொடங்கி, ‘இனி மறைத்துப் பேசலாம்’ என்னும் ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளைக்குப் பிறகு, போர்ட் 587. 2018-இல் வந்த ஆர்எப்சி 8314 என்ற இணையத் தரநிலை ஆவணம் முன்னிறுத்துவது தொடக்கத்திலேயே மறைக்கும் முறையை. அதற்குப் போய், செத்துப்போன எஸ்எஸ்எல்லின் பெயர்!

தம்பியின் மென்பொருளில் நடந்தது இதுதான்: சர்வர் மறையாக்கப் பேச்சு தொடங்கட்டும் என்று காத்திருக்கிறது; லைப்ரரியோ சர்வர் முதலில் 220 என்று வரவேற்கட்டும் என்று காத்திருக்கிறது. இரண்டும் வாய் திறப்பதில்லை. இயல்பான காத்திருப்பு வரம்பு 300 விநாடி. கல்லாவில் பில்லுக்கு நிற்கும் வாடிக்கையாளருக்கு ஐந்து நிமிடம் என்பது எவ்வளவு நேரம்! மாறாக 587-இல் ‘எஸ்எஸ்எல்’ போட்டால், ‘பதிப்பு எண் தவறு’ என்ற பொருளில் உடனே ஒரு பிழை வரும். பதிப்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அதை நம்பி எதையெதையோ மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் சர்வர் உண்மையானதுதானா என்று பார்க்கும் சான்றிதழ்ச் சோதனையையே அணைத்துவிடுகிறார்கள். கடைக்காரரின் மெயில் கடவுச்சொல் திருடுபோகிற வழி அது. எனக்குப் பொறுக்க முடியாமல் போவது இந்த இடத்தில்தான்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஆறாம் வரிசைப் பதிப்புகளில் ‘என்கிரிப்ஷன்_எஸ்எம்டிபிஎஸ்’, ‘என்கிரிப்ஷன்_ஸ்டார்ட்டிஎல்எஸ்’ என்று மாறிலிகள், அதாவது அந்த மதிப்புகளுக்குப் பதிலாக எழுதும் நிலையான பெயர்கள், வந்துவிட்டன. அருமையான பெயர்கள். 465-க்கு முதலாவது, 587-க்கு இரண்டாவது. தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். ஆனால் பழைய இரண்டு சொற்களும் இன்றும் செல்லுபடியாகின்றன. புதிதாக வருகிறவர்களும் பழைய மாதிரி நிரல்களிலிருந்து அவற்றையே நகலெடுக்கிறார்கள்.

மற்ற மெயில் லைப்ரரிகளும் யோக்கியமில்லை. நோட்ஜேஎஸ்ஸில் ஓடும் நோட்மெயிலரில் ‘செக்யூர்: ஃபால்ஸ்’ என்பது மறையாக்கமே இல்லை என்பதுபோல் ஒலிக்கிறது, ஆனால் சர்வர் ஒத்துக்கொண்டால் ஸ்டார்ட்டிஎல்எஸ் தானாக ஓடும். கட்டாயமாக்க ‘ரிக்வயர்டிஎல்எஸ்’ என்று தனியாக ஒன்று. டாட்நெட் உலகத்து மெயில்கிட் பரவாயில்லை: ‘எஸ்எஸ்எல்ஆன்கனெக்ட்’, ‘ஸ்டார்ட்டிஎல்எஸ்’, ‘ஸ்டார்ட்டிஎல்எஸ்வென்அவைலபிள்’. எப்போது மறைக்கும், எப்போது விட்டுக்கொடுக்கும் என்பது பெயரிலேயே தெரிகிறது. அதைப் பார்த்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

பிஎச்பிமெயிலருக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரம். அடுத்து வரும் ஜவுளிக்கடை வேலைக்கும் அதைத்தான் போடப்போகிறேன். ஆனாலும் அந்தப் பழைய இரண்டு சொற்களுக்கும் பிழைச்செய்தி காட்டித் தடுக்கும் பதிப்பு வரும்வரை மூன்றாவது நட்சத்திரம் கிடையாது.