தருமபுரியா, கிருஷ்ணகிரியா? பெரியாஸ்பத்திரிக்குப் போகுமுன்

காரிமங்கலம், காவேரிப்பட்டணம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். இரண்டுமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்தான். தருமபுரிக் கல்லூரி 2008-இல் தொடங்கியது, ஊருக்குள்ளேயே இருக்கிறது. கிருஷ்ணகிரிக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 புதிய கல்லூரிகளில் ஒன்று. ஊரை அடுத்த போலுப்பள்ளியில் இருக்கிறது. வயதானவர்களைப் பேருந்தில் கூட்டிப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

விபத்து, பாம்புக்கடி, நெஞ்சுவலி என்றால் யோசிக்கவே வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, அருகில் எதுவோ அங்கே. தொப்பூர் கணவாயில் அடிபட்டவரைத் தருமபுரியைத் தாண்டிக் கொண்டுபோவது வீண். சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்டத் தேவையில்லாத அரசுத் திட்டமும் இருக்கிறது.

சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற நாள்பட்ட நோய்க்கு என் கணக்கு வேறு: ஏற்கெனவே எங்கே சீட்டும் பழைய ரிப்போர்ட்டும் இருக்கிறதோ அங்கேயே தொடருங்கள். "அங்க நல்லா பாக்கறாங்களாம்" என்று யாரோ சொன்னதற்காக மாற்றினால், பரிசோதனையெல்லாம் மறுபடி முதலிலிருந்து. மாத்திரை மட்டும் என்றால் ஆரம்ப சுகாதார நிலையமே போதும்.

இரண்டிலும் புறநோயாளிப் பிரிவுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். பயிற்சி மருத்துவர்கள் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்பார்கள். எரிச்சல்தான், ஆனால் விட்டுப்போன விஷயம் மூன்றாவது தடவையில்தான் நமக்கே ஞாபகம் வரும். அறுவை சிகிச்சை என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் ஆதாரையும் எடுத்துப் போங்கள்.