ஏரிக்கரை நீச்சல் குளம்: மாத்திரையா, திரவமா, உப்பா?

வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சீக்கிரமே குளோரினில் வந்து நிற்கும். மாத்திரை போடுகிறவருக்கு மாத்திரைதான் சுகம். கேனில் வாங்கி ஊற்றுகிறவருக்கு அதுதான் கைக்கு அடங்கிய முறை. உப்பு இயந்திரம் பொருத்தியவரோ மற்ற இருவரையும் பரிதாபமாகப் பார்ப்பார். அவரவர் இடத்தில் மூன்றுமே சரியாக இருக்கலாம். ஆனால் வீடு ஏரிக்கரையில் இருந்தால் முதலில் கேட்க வேண்டியது வேறு: உங்கள் குளத்தை நினைத்த நேரத்தில் இறைத்துக் காலி செய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியாது. ஏரியின் நீர்மட்டத்தை ஒட்டித்தான் கரை மண்ணில் நிலத்தடி நீரும் நிற்கும். குளம் நிறைந்திருக்கும்வரை உள்ளிருக்கும் தண்ணீரின் கனம் தொட்டியை அழுத்திப் பிடித்திருக்கும். இறைத்துவிட்டால் வெளியே ஊறி நிற்கும் தண்ணீர் கீழிருந்து தள்ள ஆரம்பிக்கும். ஃபைபர் தொட்டி படகு மாதிரி எழும்பிவிடும். கான்கிரீட் தொட்டியும் இதற்கு விலக்கில்லை, விரிசல் விட்டு இடம் பெயரும். வினைல் விரிப்பு போட்ட குளத்தில் விரிப்பு உப்பிச் சுருங்கிப் பாழாகும். தரையில் அழுத்தம் தணிக்கும் வால்வு இருந்தால் ஓரளவு தெம்பு, அதுவும் மண் அடைக்காமல் இருந்தால். ஆகவே இந்தக் குளத்தில் போடுகிற எதுவும் லேசில் வெளியே போகாது என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும். மூன்று முறைகளையும் நான் நிறுக்கிற தராசு இதுதான்.

ஈரக்காற்றும் தன் பங்குக்குத் தொல்லை தரும். காற்றில் ஈரம் அதிகமானால் தண்ணீர் குறைவாகவே ஆவியாகும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் தண்ணீர் குளிர்வதே பெரும்பாலும் ஆவியாவதால்தான். ஆவியாகாத குளம் இரவிலும் வெதுவெதுப்பாகவே கிடக்கும், வெதுவெதுப்பான நீரில் பாசி வேகமாகப் பிடிக்கும். போதாக்குறைக்கு விளக்கைத் தேடி வந்து விழும் ஏரிப்பூச்சிகள், மகரந்தம், உரிமையோடு வந்து இறங்கும் வாத்துகள். இவற்றைச் சமாளிப்பதிலேயே குளோரின் கரைந்துபோகும். வெயில் காலத்தில் நாளுக்கு 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) குறைவது சாதாரணம். கீழே உள்ள கணக்கெல்லாம் அந்த 2 பிபிஎம்மை வைத்துத்தான், 50,000 லிட்டர் குளத்துக்கு.

மாத்திரையிலிருந்து தொடங்கலாம், பலரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மிதவைக்குள் போட்டால் நாள் கணக்கில் தானாகக் கரையும், அளக்க வேண்டாம், சிந்தாது. இந்த டிரைக்ளோர் மாத்திரையில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்தே வருகிறது. அது கெட்ட பொருள் இல்லை. அது இல்லாத தண்ணீரில் நேர்வெயில் பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பாதி குளோரின் போய்விடும். 30 முதல் 50 பிபிஎம் வரை அது குளோரினுக்குக் குடை பிடிக்கிறது. சிக்கல் என்னவென்றால், குளோரின் செலவாகிவிடும், குடை அப்படியே தங்கிவிடும். மாத்திரை வழியாக 10 பிபிஎம் குளோரின் சேர்ந்தால் கூடவே சுமார் 6 பிபிஎம் சயனூரிக் அமிலம் சேரும். மாதத்துக்கு 60 பிபிஎம் குளோரின் போட்டால் 36 பிபிஎம் குடை. 30-ல் தொடங்கிய குளம் இரண்டே மாதத்தில் 100-ஐத் தாண்டிவிடும். அந்த நிலையில் குளோரினின் பெரும்பகுதி அதன் பிடியில் சிக்கிக் கிடக்கும், சோதனையில் 3 பிபிஎம் என்று நல்லபடியாகவே காட்டும், குளம் மட்டும் பச்சையாகும். குளோரின் அளவு சயனூரிக் அளவில் ஏறக்குறைய 7.5 விழுக்காடாவது இருக்கட்டும் என்பது குளக்காரர்களின் கைக்கணக்கு. 100-க்கு 7.5 பிபிஎம் என்றால் யோசித்துப் பாருங்கள்.

இதைக் குறைக்க நடைமுறையில் ஒரே வழிதான்: தண்ணீரை இறைத்துப் புதுத் தண்ணீர் விடுவது. ஏரிக்கரையில் செய்யக்கூடாத வேலையே அதுதான். கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து நிரப்பலாம், வாரக்கணக்கில் ஆகும். பெருமழையில் வழிந்தோடும் தண்ணீர் சற்றே உதவும். மணல் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கு பேக்வாஷிலும், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவும்போதும், சில நூறு லிட்டர் வெளியேறும். ஆனால் மாத்திரை சேர்க்கும் வேகத்துக்கு இதெல்லாம் ஈடாகாது. மாத்திரை அமிலத்தன்மை உள்ளது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேல்மட்டத் தண்ணீரை இழுக்கும் ஸ்கிம்மரின் கூடைக்குள் போட்டுவைத்தால், பம்ப் ஓடாத நேரத்தில் அங்கே தேங்கும் அமிலத் தண்ணீர் ஹீட்டரின் செம்பை அரிக்கும்.

அடுத்தது திரவம். 10 விழுக்காட்டுக் கேனில் ஒரு லிட்டர் ஊற்றினால் நம் குளத்துக்குச் சரியாக 2 பிபிஎம். மாலையில் ஒரு லிட்டர், முடிந்தது வேலை. செலவான பின் இது விட்டுச்செல்வது கொஞ்சம் சாதாரண உப்பு மட்டும்தான். சயனூரிக் அமிலத்தைத் தனியாக வாங்கி, ஒரு முறை 30-க்கோ 40-க்கோ கொண்டுவந்து நிறுத்திவிடலாம். மழையில் குறைந்தால் மறுபடி கொஞ்சம் சேர்த்தால் போதும். இது பிஎச்சை (தண்ணீரின் அமில-கார அளவை) ஏற்றிவிடும் என்று பயமுறுத்துவார்கள். கேனுக்குள் காரத்தன்மை அதிகம் என்பது உண்மை. ஆனால் குளோரின் தன் வேலையை முடிக்கும்போது ஏறியது ஏறக்குறைய இறங்கிவிடும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. சூட்டில் வைத்தால் திரவம் வலுவிழக்கும். புழுங்கும் ஷெட்டில் கோடை முழுவதுக்கும் கேன்களை அடுக்கிவைத்தால், கடைசியாகத் திறக்கும் கேனில் லேபிளில் உள்ள விழுக்காடு இருக்காது. இரண்டு வாரத்துக்கானதை மட்டும் வாங்கி நிழலில் வைப்பது உத்தமம். இன்னொரு குறை, தினமும் ஆள் வேண்டும். தானாக அளந்து ஊற்றும் சின்ன டோசிங் பம்ப் ஒன்றைப் பொருத்தினால் அந்தக் கவலையும் தீரும்.

உப்பு முறையை குளோரினே இல்லாத முறை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதுவும் குளோரின்தான், குளத்திலேயே தயாராகிறது, அவ்வளவுதான். தண்ணீரில் 3,200 பிபிஎம் அளவு உப்பு வேண்டும். நம் குளத்துக்கு 160 கிலோ. கடல் நீரில் இதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் உண்டு என்பதால் வாயில் பட்டாலும் கரிப்பு அவ்வளவாகத் தெரியாது. இயந்திரத்தின் செல் என்ற பாகத்தில் உள்ள டைட்டானியம் தகடுகளில் மின்சாரம் பாயும்போது உப்பிலிருந்து குளோரின் பிறக்கிறது, வேலை முடிந்ததும் மறுபடி உப்பாகிறது. சயனூரிக் சேராது. நாள்தோறும் ஊற்றவும் வேண்டாம். சேர்மானத் தராசில் இது திரவத்துக்குச் சமமாகவே நிற்கிறது.

ஆனால் செல்லில் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகள் தண்ணீரிலிருந்து கரியமில வாயுவை விரட்டும்போது பிஎச் ஏறிக்கொண்டே போகும். வாராவாரம் அமிலம் ஊற்றாவிட்டால் தகடுகளில் சுண்ணாம்பு படியும். செல்லின் ஆயுள் 3 முதல் 7 ஆண்டு. ஈரக்காற்றும் உப்பும் சேர்ந்தால் ஏணிப் பிடி, திருகாணி, பம்ப் மோட்டார் எல்லாவற்றிலும் துரு சீக்கிரம் பிடிக்கும். மழையில் வழியும் உப்புத் தண்ணீர் கரையோரச் செடிகளுக்கும் ஆகாது. குளிர்காலம் இன்னொரு சங்கடம். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போனால் பல செல்கள் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும், சில அறவே நிறுத்திவிடும். ஆண்டு முழுக்கக் குளத்தை ஓட்டுகிறவருக்கு அந்த மாதங்களில் கேன் எப்படியும் வேண்டும். குளிரில் பாசியும் சோம்பலாகத்தான் இருக்கும் என்பதால் அதிகம் செலவாகாது.

தூளாக வரும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் உண்டு. ஈரக்காற்றில் டப்பாவைத் திறந்து மூடினாலே கட்டிதட்டும், சுண்ணாம்பும் சேரும். ஏரிக்கரைக்கு நான் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: அந்தத் தூளும் டிரைக்ளோர் மாத்திரையும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். திரவ குளோரினோடு அமிலம் கலந்தால் விஷ வாயு வரும். ஒரே அலமாரியில் எல்லாவற்றையும் அடுக்காதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பேக்வாஷ் தண்ணீரை நேரே ஏரியில் விடக்கூடாது, மிகக் குறைந்த குளோரினே மீனுக்கு நஞ்சு. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு மணலைவிட, கழற்றிக் கழுவும் கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் பிடிக்கும். மெல்லிய தூசியையும் அது கூடுதலாகப் பிடிக்கிறது. மூடுவிரிப்பு இங்கே தண்ணீரை மிச்சப்படுத்துவது கொஞ்சம்தான், பூச்சியையும் சருகையும் தடுப்பதற்காகப் போடலாம். புழுக்கமான மாதங்களில் பகல் முழுக்க மூடிவைத்தால் குளம் வெந்நீர் அண்டாவாகிவிடும்.

தினமும் வீட்டில் இருக்கிறவருக்குத் திரவமே என் தேர்வு. வார இறுதியில் மட்டும் வந்துபோகும் வீடென்றால் உப்பு இயந்திரம், கூடவே குளிருக்கு இரண்டு கேன். மாத்திரையை நான் ஒரேயடியாக ஒதுக்கவில்லை. பத்து நாள் வெளியூர் போகும்போது 200 கிராம் மாத்திரை நான்கை மிதவையில் போட்டுவிட்டுக் கிளம்பலாம். மொத்தம் 14 பிபிஎம் குளோரின் கிடைக்கும், சயனூரிக் கூடுதலாக 9 பிபிஎம்முக்கு மேல் சேராது. திரும்பி வந்ததும் மிச்சத் துண்டுகளோடு மிதவையை வெளியே எடுத்துவிடுங்கள், ஷெட்டுக்குள் மட்டும் வைக்க வேண்டாம். அதன் புகை அங்கிருக்கும் கருவிகளை ஒரே பருவத்தில் துருவேற்றிவிடும்.