கிராஃப் எல்லாம் பச்சை, சர்வர் மட்டும் திணறல்: பிஎஸ்ஐ-யோடு இரண்டு ஆண்டுகள்

டேட்டாபேஸ் சர்வர் ஒன்றில் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழையவே இரண்டு நிமிடம் பிடித்த ராத்திரி அது. சிபியு பாதிக்கு மேல் சும்மா இருந்தது. மெமரியிலும் இடம் இருப்பதாகவே டாஷ்போர்டு காட்டியது. லோடு ஆவரேஜ் மட்டும் எகிறிக் கிடந்தது. லினக்ஸில் அந்த எண், சிபியுவுக்காக வரிசையில் நிற்பவற்றோடு டிஸ்க்குக்காகக் காத்துக் கிடப்பவற்றையும் சேர்த்தே எண்ணும். எங்கே இடிக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

அப்புறம்தான் பிஎஸ்ஐ (Pressure Stall Information) பக்கம் வந்தேன். சிபியு, மெமரி, டிஸ்க் போதாமல் வேலைகள் எவ்வளவு நேரம் முடங்குகின்றன என்று லினக்ஸ் கெர்னலே அளந்து சொல்லும் வசதி அது. 2018 டிசம்பரில் வந்த 4.20 கெர்னலிலிருந்தே இது உண்டு. கெர்னல் தன் நிலவரத்தைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் (/proc) அடைவுக்குள் பிரஷர் (pressure) என்று ஓர் அடைவு. அதில் சிபியு, மெமரி, ஐஓ (டிஸ்க்கில் படிப்பது, எழுதுவது) மூன்றுக்கும் தனித்தனிக் கோப்பு. ஒரு வேலையாவது முடங்கி நின்ற நேரத்தின் சதவீதம் 'சம்' (some) வரியில் வரும். வேலை இருந்தும் எல்லாமே ஒருசேர முடங்கிய நேரம் 'ஃபுல்' (full) வரியில். 10, 60, 300 விநாடி சராசரிகள் கிடைக்கும்.

நிறுவ எதுவும் இல்லை என்று நினைத்தேன். ரெட் ஹேட் வகை சர்வர்களில் அந்த அடைவையே காணோம்! கெர்னலில் வசதி இருந்தும் அணைத்து வைத்திருக்கிறார்கள். கெர்னலின் பூட் வரியில் psi=1 என்று கொடுத்து ரீபூட் செய்ய வேண்டியிருந்தது. மற்றபடி, கண்காணிப்புக் கருவியான ப்ரொமீதியஸுக்கு சர்வரின் எண்களைத் திரட்டித் தரும் நோட் எக்ஸ்போர்ட்டர் இதைத் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

முதல் வாரம் சிபியு 'சம்' எண்ணுக்கு அலெர்ட் வைத்தது என் தப்பு. பேக்கப் ஓடினால் அலறும், கம்பைல் ஓடினால் அலறும். தூக்கிவிட்டேன். உண்மையில் சோறு போடுவது மெமரியின் 'ஃபுல்' தான். 10 விநாடி சராசரி 5 சதவீதத்தைத் தாண்டினால் எழுப்பு என்று வைத்திருக்கிறேன்; இதுவரை வீணாக எழுப்பியது இரண்டே முறை. மெமரியும் ஐஓவும் சேர்ந்து ஏறினால் பெரும்பாலும் ரேம் போதாமல் மெமரிப் பக்கங்களைத் (மெமரியின் சிறு துண்டுகளை) திரும்பத் திரும்ப டிஸ்க்கிலிருந்து இழுக்கிறது என்று அர்த்தம். ஐஓ மட்டும் ஏறினால் டிஸ்க்கைப் பார்ப்பேன்.

குற்றவாளி யார் என்பதை இந்த மூன்று கோப்புகள் சொல்லாது. அதற்கு, வேலைகளைக் குழுக்களாகப் பிரித்துக் கணக்கு வைக்கும் கெர்னல் வசதியான சிகுரூப்பின் (cgroup) இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் உள்ள பிரஷர் கோப்பைப் பார்க்க வேண்டும். கண்டெய்னருக்குள் நின்றுகொண்டு ப்ராக்கைப் படித்து ஏமாந்ததும் உண்டு. அங்கே தெரிவது முழு சர்வரின் கணக்கு.

ஐஓவுக்குச் சரியான வரம்புதான் இன்னும் பிடிபடவில்லை. 60 விநாடி சராசரிக்கு 20 சதவீதம் என்று வைத்து, பேக்கப் நேரத்தில் மட்டும் அலெர்ட்டை அடக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.