முடிவுக்கு முந்தைய மௌனம்: வாயைப் பூட்டுவதா, வரம்பு கட்டிப் பேசுவதா?

சிங்கப்பூரில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் முதலீட்டாளர் தொடர்பைக் கவனிப்பவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை இந்தக் கேள்வி வரும். கணக்கு முடிவு வெளியாகும்வரை பங்குதாரரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் இருப்பதா, எதைப் பேசலாம் என்று எழுதிவைத்து அதை மட்டும் பேசுவதா? நாங்கள் தேர்ந்தது இரண்டாவது. அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையான எஸ்ஜிஎக்ஸின் விதி 1207(19) பேசுவதைத் தடுப்பதில்லை. அரையாண்டுக்கு ஒருமுறை கணக்கு வெளியிடும் நிறுவனமும் அதன் அதிகாரிகளும் அறிவிப்புக்கு ஒரு மாதம் முன்பிருந்து அதன் பங்குகளை வாங்கவோ விற்கவோ கூடாது என்பதுதான் அது. வாய் திறக்காமல் இருப்பது நிறுவனங்கள் தாமே வைத்துக்கொண்ட வழக்கம். புதிய பங்கு வெளியீட்டின்போது சட்டமே பேச்சைக் கட்டுப்படுத்துகிறது. அது தனி விவகாரம்.

முழு மௌனம் சுலபம், செலவும் இல்லை. தொலைபேசியை எடுப்பவருக்குப் பயிற்சி தேவையில்லை. ஆனால் அது நீளும். டிசம்பர் 31-இல் ஆண்டு முடியும் நிறுவனத்துக்கு அரையாண்டுக் கணக்கை வெளியிட 45 நாள், ஆண்டுக் கணக்குக்கு 60 நாள் அவகாசம். கணக்குக் காலம் முடிந்த மறுநாளே கதவைச் சாத்தி, கடைசி நாள்வரை காத்திருந்தால், ஆண்டில் 105 நாள் பங்குதாரருக்குப் பதில் கிடைக்காது.

அந்த நாள்களில் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ரகசியத்தைத் தொடுவதே இல்லை. "தம்பி, டிவிடெண்ட் எப்போ கணக்குல ஏறும்?" என்று தேக்காவிலிருந்து ஒரு பெரியவர் கேட்கிறார். நிறுவனங்கள் அறிவிப்புகளை வெளியிடும் சந்தையின் இணையத்தளமான எஸ்ஜிஎக்ஸ்நெட்டில் ஏற்கெனவே போட்ட தேதிதான் அது. "ஐயா, இன்ன தேதியில் வரும்" என்றால் முடிந்தது. இன்னொன்று, சொந்தப் பங்கை நிறுவனமே திரும்ப வாங்கும் அறிவிப்புகள். சந்தையில் வாங்கினால் அடுத்த சந்தை நாள் காலை 9 மணிக்குள் அறிவிக்க வேண்டும் என்பதால் அவை தினமும் வந்துகொண்டிருக்கும். ஜூலை நடுவில் திடீரென்று நின்றால், உள்ளே ஏதோ கோளாறு என்று சந்தை நினைக்கும். முடிவுக்கு முந்தைய ஒரு மாதத் தடைக்காலம் தொடங்கிவிட்டது, அதனால் வாங்கவில்லை என்ற ஒரு வரி அந்தப் பயத்தைத் தீர்த்துவிடும்.

இதெல்லாம் வசதி சார்ந்தது. என் கணக்கில் தீர்மானிப்பது விதி 703. பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய தகவலை உடனே வெளியிட வேண்டும் என்கிறது அது. மௌன காலத்துக்கு அதில் விலக்கு கிடையாது. வெளியிடாமல் வைத்திருக்க மூன்று நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்த வேண்டும்: நியாயமான எவரும் அதை எதிர்பார்க்க மாட்டார், தகவல் ரகசியமாகவே இருக்கிறது, பேச்சுவார்த்தை முடியாதது போன்ற வரையறுத்த காரணங்களில் ஒன்றாவது உண்டு. ஜூலை 20-இல் பெரிய வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை ரத்து செய்கிறார், முடிவு அறிவிப்பு ஆகஸ்ட் 12 என்று வையுங்கள். "யாரும் எதுவும் பேசாதீர்கள்" என்று பழக்கிய அலுவலகத்தில் அந்தச் செய்தி பிரிவு மேலாளரின் மேசையோடு நின்றுபோகும். முடிவோடு சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று எல்லாரும் நம்பியிருப்பார்கள். அதற்குள் விலை சரிந்தால், வெளியிடாத தகவல் ஏதும் உண்டா, விதி 703-ஐப் பின்பற்றுகிறீர்களா என்று சந்தையின் ஒழுங்குமுறைப் பிரிவான எஸ்ஜிஎக்ஸ் ரெக்கோ கேட்கலாம். அப்போது மௌனம் பதிலாகாது.

வரம்பு கட்டிப் பேசும் முறையில் இந்த வழி திறந்தே இருக்கும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு பிரிவையும் "சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா?" என்று கேட்க வேண்டும். இருந்தால் அது இயக்குநர் குழுவுக்குப் போக வேண்டும். முடிவெடுக்க நேரம் வேண்டுமானால், பங்கு விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வர்த்தக நிறுத்தத்தைச் சந்தையிடம் கேட்கலாம். அது பொதுவாக மூன்று சந்தை நாள்களுக்கு மேல் நீடிக்காது. நஷ்டம் வரும் என்று தெரிந்துவிட்டால் இலாப எச்சரிக்கையை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். எதுவானாலும் முதலில் எஸ்ஜிஎக்ஸ்நெட்டில், பிறகுதான் தொலைபேசியில்.

இந்த முறை வழுக்கும் இடமும் உண்டு. "எல்லாம் வழக்கம்போல்தான் போகுது" என்று ஆறுதலாகச் சொல்வதே ஒரு முன்னறிவிப்பு. ஆய்வாளரின் கணிப்பைப் பார்த்து "கொஞ்சம் அதிகம்" என்பதும் அப்படியே. ஒருவருக்கு மட்டும் கசிந்த தகவலை வைத்து வர்த்தகம் நடந்தால் உள்விவர வர்த்தகச் சட்டம் வரும். ஏழு ஆண்டுவரை சிறை. அதனால் பேசுபவர் ஒருவர் அல்லது இருவர்தான், கையில் எதைப் பேசலாம் என்று எழுதிய ஒரு பக்கத் தாள், கேட்டவர், நேரம், கேள்வி, பதில் நான்கையும் குறிக்கும் பதிவேடு. தாளில் இல்லாத கேள்விக்கு "முடிவு அறிவிப்புக்குப் பிறகு பதில் தருகிறோம்" என்ற ஒரே வாக்கியம், யார் கேட்டாலும்.

இந்த ஒழுங்கைக் காக்க ஆளில்லாத மிகச் சிறிய நிறுவனத்துக்கு முழு மௌனம்தான் பாதுகாப்பு. ஆனால் அங்கும் அந்த வாராந்தரக் கேள்வியை விடக்கூடாது. நிறுவனத்தை யாரோ கையகப்படுத்த வரும் நேரத்துக்கு இந்த ஒப்பீட்டை நீட்டமாட்டேன். அங்கே வழக்கறிஞர் பார்த்துத் தராத ஒரு வரியையும் வெளியே விடாதீர்கள்.